‘ஐந்து மாதம் வயிற்றுக்கு மருந்து கொடுத்தோம், கட்டி தலையில் இருந்தது’

கடிதத்தின் சுருக்கம் (அடையாளம் தெரியும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன)

ஏழு வயது மகனின் தாய் எழுதியிருக்கிறார். ஐந்து மாதங்களுக்கு முன் பையனுக்குக் காலையில் எழுந்ததும் வாந்தி வர ஆரம்பித்தது. வாந்தி எடுத்துவிட்டால் தெளிவாகிவிடுவான். பத்து மணிக்கெல்லாம் விளையாடுவான். முதலில் பார்த்த மருத்துவர் வயிற்றுக்கும் பூச்சிக்கும் மருந்து கொடுத்தார். இரண்டாவது முறை போனபோது, “பள்ளிக்கூடம் போகப் பயப்படுகிறான், நீங்கள் செல்லம் கொடுக்காதீர்கள்” என்றார். விடுமுறை நாட்களிலும் வாந்தி வந்தது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை, இவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பிறகு தலைவலி, மங்கல் பார்வை. கண் பரிசோதித்து கண்ணாடி போட்டார்கள். அடுத்து கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுளுக்கு என்று பிசியோதெரபி நடந்தது. கடைசியில் மாடிப்படியில் தடுமாறி விழுந்து நெற்றி கிழிந்து தையல் போடப் போன இடத்தில், ஒரு இளம் மருத்துவர் பையனைக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். நடக்க முடியவில்லை. கண்ணின் உட்புறத்தை விளக்கு வைத்துப் பார்த்தார். அன்று மாலையே சி.டி. ஸ்கேன், மறுநாள் எம்.ஆர்.ஐ. சிறுமூளையில் கட்டி, தலைக்குள் நீர் தேக்கம்.

அறுவை சிகிச்சை முடிந்து 16 நாட்கள் ஆகின்றன. கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று என்றார்கள். பயாப்ஸி முடிவு மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சைக்கு மறுநாள் இரண்டு வார்த்தை பேசிய பையன், அதற்கு அடுத்த நாளிலிருந்து ஒரு சொல்கூடப் பேசவில்லை. முதுகுத்தண்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், செலவை நினைத்துத் தள்ளிவைத்திருக்கிறார்கள். “கட்டியை எடுத்தாச்சு, பேச்சும் போச்சு, இனி கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து மிச்சத்தையும் கெடுக்க வேண்டாம்” என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். மூலிகை மருத்துவர் ஒருவரைச் சொல்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர், புரோட்டான் என்ற வேறு வகைக் கதிர்வீச்சு சிகிச்சைதான் நல்லது, நான் ஏற்பாடு செய்யும் வரை காத்திருங்கள் என்கிறார். கணவர் முதல் மருத்துவர் மீது வழக்குப் போடப் போவதாகச் சொல்கிறார். நான்கு வயது மகளும் இப்போது தலை வலிக்கிறது என்கிறாள்.

தாயின் கேள்விகள்: ஐந்து மாதம் முன்பே கண்டுபிடித்திருந்தால் என் மகன் பிழைத்திருப்பானா? தவறு என்னுடையதா? கதிர்வீச்சு கொடுக்கலாமா? வழக்குப் போடலாமா? மகளுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? செல்போன் கொடுத்ததால் வந்ததா?

பதில்

சகோதரி, உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வேறு பெற்றோரும் இருப்பார்கள் என்பதால், உங்கள் அனுமதியோடு கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வியிலேயே ஒரு திருத்தம். “பிழைத்திருப்பானா” என்று எழுதியிருக்கிறீர்கள், ஏதோ எல்லாம் முடிந்துவிட்டதைப் போல. உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான். கட்டி எடுக்கப்பட்டுவிட்டது. சிகிச்சையின் பாதி இன்னும் தொடங்கவே இல்லை. அதனால் நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. போன ஐந்து மாதங்களைப் பற்றிப் பேச நமக்கு நேரம் இருக்கிறது, கதிர்வீச்சுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

முதலில், தேதி

மெடுல்லோபிளாஸ்டோமா குழந்தைகளுக்கு வரும் வீரியமுள்ள மூளைக்கட்டிகளில் அதிகம் காணப்படுவது. அது சிறுமூளையில் முளைக்கிறது, ஆனால் அங்கேயே இருந்துவிடுவதில்லை. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீரில் அதன் செல்கள் கலந்து பயணிக்கும். கண்ணுக்குத் தெரிந்த கட்டியை அறுவை நிபுணர் எடுத்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாததை எந்தக் கத்தியாலும் எடுக்க முடியாது. ‘முழுவதும் எடுத்தாச்சு’ என்று அவர் சொன்னது உண்மைதான். அதை ‘நோய் போயாச்சு’ என்று வீட்டில் எடுத்துக்கொண்டதுதான் தவறு.

இது புதிய கருத்து இல்லை. இந்தக் கட்டிக்குப் பெயர் வைத்தவர்கள் ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், 1925-ல். அறுவை சிகிச்சை மட்டும் செய்த குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கட்டி திரும்பி வந்தது. 1950-களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் மூளையோடு முதுகுத்தண்டு முழுவதற்கும் சேர்த்துக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்த பிறகுதான் குழந்தைகள் கணிசமாகப் பிழைக்க ஆரம்பித்தார்கள். பின்னர் கீமோதெரபியும் சேர்ந்தது. இன்று கட்டி முழுவதும் எடுக்கப்பட்டு, வேறெங்கும் பரவாத நிலையில், கதிர்வீச்சும் கீமோவும் முறையாக முடித்த குழந்தைகளில் 100-ல் 70 முதல் 80 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். இது வசதியான நாடுகளின் கணக்கு. வளரும் நாடுகளில் இது குறைவதற்கு ஒரு முக்கியக் காரணம், சிகிச்சை பாதியில் நிற்பது. நாலு வாரம் அல்லது அதற்கு மேல் சிகிச்சை தொடங்காமலோ தொடராமலோ இருந்தால் அதைக் ‘கைவிடப்பட்ட சிகிச்சை’ என்றே குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் கணக்கில் எழுதுகிறார்கள். இந்த நாலு வாரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். வீட்டில் ஒரு விவாதம், உறவினர் ஒருவரின் போன், ஒரு நல்ல நாள் பார்ப்பது, அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு 4 முதல் 6 வாரங்களுக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிட வேண்டும். 7 வாரத்தைத் தாண்டவே கூடாது. உங்களுக்கு 16 நாட்கள் போய்விட்டன. 42-வது நாளைக் கடைசி என்று வைத்தால் 26 நாட்கள் மீதம். ‘அடேயப்பா, நிறைய இருக்கிறதே’ என்று நினைக்காதீர்கள். தலைக்கு அளவெடுத்து முகமூடி செய்வது, திட்டமிடும் ஸ்கேன், கணக்கீடு என்று தயாரிப்புக்கே ஒரு வாரமாவது போகும். அதற்கு முன்னால் முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. முடிந்திருக்க வேண்டும்.

அந்த எம்.ஆர்.ஐ.-யைத் தள்ளிப்போடாதீர்கள். பரவியிருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் கதிர்வீச்சின் அளவே முடிவாகிறது. பரவாத குழந்தைக்கு மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் 23.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), பரவியிருந்தால் 36 கிரே என்பது பரவலான வழக்கம். கட்டி இருந்த இடத்துக்கு இரண்டு பேருக்கும் கூடுதலாகக் கொடுத்து மொத்தம் 54 கிரே அளவுக்குக் கொண்டுபோவார்கள். ஸ்கேன் இல்லாமல் சிகிச்சை கொடுத்தால், ஒன்று தேவைக்கு மேல் கொடுத்துப் படிப்பையும் வளர்ச்சியையும் பாதிக்க நேரும், இல்லையென்றால் குறைவாகக் கொடுத்து நோயை விட்டுவைக்க நேரும். அறுவை சிகிச்சை முடிந்தவுடனே எடுத்தால் ரத்தக் கசிவு படத்தில் குழப்பும் என்பதால் இரண்டு வாரம் விட்டு எடுப்பார்கள். அதாவது இப்போதுதான் சரியான நேரம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பரிசோதிப்பதையும் இதோடு சேர்த்தே கேட்பார்கள். தலைக்குள் அழுத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு செய்தால் அதில் பயம் இல்லை. செலவைப் பற்றி மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பணம் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்று போய்விடும் பெற்றோருக்குத்தான் எங்களால் உதவ முடிவதில்லை.

புரோட்டான் விஷயம். உங்கள் உறவினர் சொல்வதில் பாதி சரி. புரோட்டான் கதிர் இதயம், குடல், தைராய்டு போன்ற இடங்களில் குறைவாகப் படும். பின்னாளைய பக்கவிளைவுகள் குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் கட்டியை அடக்குவதில் சாதாரண கதிர்வீச்சைவிட அது மேலானது என்று இல்லை. 26 நாட்களுக்குள் உறுதியான தேதியோடு கிடைத்தால் போங்கள். விசா, பணம், படுக்கை என்று மூன்று மாதம் ஆகும் என்றால் வேண்டாம். கையில் இருக்கும் நல்ல சிகிச்சையை, தூரத்தில் இருக்கும் அதைவிட நல்ல சிகிச்சைக்காகத் தவறவிட்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களின் பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். கதிர்வீச்சுக்கு விலை உண்டு. கற்கும் வேகம் குறையலாம், உயரம் குறையலாம், ஹார்மோன்கள் குறையலாம், கீமோவில் சில மருந்துகளால் காது மந்தமாகலாம். அதனால்தான் 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு முடிந்தவரை கதிர்வீச்சைத் தவிர்க்கிறோம். உங்கள் மகனுக்கு 7 வயது. இந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஹார்மோனை மாத்திரையாலும் ஊசியாலும் ஈடுசெய்ய முடியும், காதுக்குக் கருவி உண்டு, படிப்புக்குக் கூடுதல் நேரம் கேட்கலாம். திரும்பி வந்த மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு அப்படி எளிதான வழிகள் இல்லை. மூலிகை மருந்தைப் பொறுத்தவரை ஒரே கோரிக்கை: கதிர்வீச்சுக்குப் பதிலாக வேண்டாம். கூடவே கொடுக்கிறீர்கள் என்றால் மறைக்காமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில பொருட்கள் கீமோ மருந்தோடு சேர்ந்து கல்லீரலைப் பதம் பார்த்துவிடும்.

பேச்சு எங்கே போனது?

இதை யாரும் உங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை என்று தெரிகிறது. மறுநாள் பேசிவிட்டு, அதற்கடுத்த நாள் ஊமையாகிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விவரத்தைப் படித்தவுடனே எனக்குப் புரிந்தது, ஏனென்றால் இது பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கிறது. சிறுமூளையின் நடுப்பகுதியில் இருக்கும் கட்டியை எடுத்த பிறகு, சுமார் நான்கில் ஒரு குழந்தைக்கு இப்படி ஆகிறது. சிறுமூளையிலிருந்து மேல்மூளைக்குப் போகும் நரம்புப் பாதை அதிர்ச்சியடைவதால் வருவது. பேச்சு நிற்கும், சிடுசிடுப்பு வரும், காரணமில்லாமல் அழுவான், உடல் தளர்ந்திருக்கும், விழுங்கச் சிரமப்படுவான். அனுபவம் மிக்க நிபுணர்கள் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வருகிறது. கை தவறியதால் வந்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பேச்சு திரும்பும். முதலில் ஒற்றைச் சொல், கிசுகிசுப்பாக. பிறகு மெதுவான, இழுவையான பேச்சு. நடையிலும் பேச்சின் வேகத்திலும் கொஞ்சம் குறை தங்கிவிடலாம், அதை மறைக்க மாட்டேன். இப்போதே பேச்சுப் பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் தொடங்கச் சொல்லுங்கள். அவனுக்குக் காது கேட்கிறது, நீங்கள் பேசுவதும் புரிகிறது. அவன் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ‘பேச்சும் போச்சு’ என்று சொல்பவர்களை வெளியே அழைத்துப் போய்ப் பேசச் சொல்லுங்கள்.

முக்கியமாக, பேச்சு வரட்டும், அப்புறம் கதிர்வீச்சைப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. பேசாத குழந்தைக்கும் கதிர்வீச்சு கொடுக்கலாம். அசையாமல் படுக்க முடியவில்லை என்றால் தினமும் சிறிது நேரம் மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். வாரத்துக்கு 5 நாள், சுமார் 6 வாரம்.

அந்த ஐந்து மாதங்கள்

சரி, இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

காலை வாந்திக்கும் தலைக்கும் என்ன தொடர்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவில் படுத்திருக்கும்போது தலையிலிருந்து ரத்தம் இறங்குவது மெதுவாகிறது. தூக்கத்தில் மூச்சும் கொஞ்சம் மந்தமாவதால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி, மூளையின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. ஏற்கெனவே கட்டியும் நீரும் அடைத்துக்கொண்டிருக்கும் மண்டைக்குள் விடியற்காலையில் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. குழந்தை எழுகிறது, வாந்தி எடுக்கிறது, வேகமாக மூச்சு வாங்குகிறது, நிமிர்ந்து நிற்கிறது, அழுத்தம் இறங்குகிறது. அரை மணி நேரத்தில் சிரித்துக்கொண்டு விளையாடுகிறது. பார்ப்பவர்களுக்கு அது பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுப்பது போலவே தெரியும். உங்கள் மகன் நடிக்கவில்லை. நீங்களும் ஏமாறவில்லை. இந்த நோய் காலையில் வந்து பத்து மணிக்கு ஒளிந்துகொள்ளும். அது அதன் குணம்.

மற்ற அறிகுறிகளும் அப்படித்தான், ஒவ்வொன்றும் வேறொரு கதவைத் தட்டியது. வாந்தி வயிற்று மருத்துவத்துக்குப் போனது, மங்கல் பார்வை கண்ணாடிக் கடைக்குப் போனது, சாய்ந்த கழுத்து பிசியோதெரபிக்குப் போனது. பார்வை நரம்பு வீங்கியதால்தான் மங்கல். மூளை கீழே அழுத்தப்பட்டதாலோ கண் தசையின் நரம்பு பலவீனமானதாலோ தலை சாய்ந்திருக்கும். மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த ஒருவரும் இல்லை, அந்த இளம் மருத்துவர் வரும் வரை. அவர் பயன்படுத்தியது தரையில் ஒரு கோடும் கையில் ஒரு விளக்கும்தான் என்பதைக் கவனியுங்கள். (கழுத்து சாய்ந்த குழந்தைக்குக் காரணம் தெரியாமல் கழுத்தைத் திருகி வைத்தியம் செய்வது ஆபத்தானது என்பதையும் மற்ற பெற்றோருக்காக இங்கே சொல்லிவைக்கிறேன்.)

நான் பயிற்சியில் இருந்த காலத்தில், மூன்று வாரமாக வாந்தி எடுத்த ஒரு சிறுமியை வயிற்றுக்கு மருந்து எழுதி அனுப்பியிருக்கிறேன். அவளை நடக்க வைத்துப் பார்க்கவில்லை. வரிசையில் எழுபது பேர் நின்றார்கள் என்பது காரணம்தான், சமாதானம் இல்லை. அவள் அடுத்த மாதம் தள்ளாடிக்கொண்டு வந்தாள். அதன் பிறகு வாந்தி என்று வரும் எந்தக் குழந்தையையும் நடக்கச் சொல்லாமல் நான் அனுப்பியதில்லை.

வளரும் நாடுகளில் இந்தத் தாமதத்துக்கு வேறு சில முகங்களும் உண்டு. வாந்தியும் தலைவலியும் வலிப்பும் கொண்ட ஒரு குழந்தை வந்தால் காசநோய் மூளைக்காய்ச்சலா, நாடாப்புழு முட்டையால் வந்த வீக்கமா என்று யோசிப்பது இங்கே நியாயமான மருத்துவம். ஏனென்றால் அவை உண்மையாகவே நிறைய இருக்கின்றன. ஆனால் அதற்கான மருந்தைக் கொடுத்துவிட்டு, சரியாகாவிட்டாலும் மாதக்கணக்கில் மறுபரிசீலனை செய்யாமல் விடுவதுதான் தவறு. ஸ்கேன் வசதி ஒரு ஊரில், அதைப் படிப்பவர் இன்னொரு ஊரில், குழந்தைகளுக்கு மூளை அறுவை செய்பவர் தலைநகரில். சி.டி. ஸ்கேனில் சிறுமூளைப் பகுதியைச் சுற்றியுள்ள எலும்பின் நிழலால் சிறிய கட்டிகள் தப்பிப்போகலாம் என்பதால், ‘சி.டி. நார்மல்’ என்ற ஒரு தாள் சில குழந்தைகளின் கதையை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறது.

ஆனால் இது ஏழை நாடுகளுக்கு மட்டுமான அவமானம் என்றும் நினைத்துவிடாதீர்கள். எல்லா வசதியும் உள்ள பிரிட்டனில்கூட முதல் அறிகுறியிலிருந்து கட்டி தெரிவதற்கு 14 வாரங்களுக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. 2011-ல் ஹெட்ஸ்மார்ட் என்ற விழிப்புணர்வு இயக்கத்தைத் தொடங்கி, மருத்துவர்களுக்கும் பெற்றோருக்கும் அறிகுறிகளை ஒரு சிறிய அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அது 7 வாரத்துக்குக் கீழே வந்தது. அங்கே குறைத்தது புதிய இயந்திரம் எதுவும் இல்லை.

ஐந்து மாதம் முன்பே தெரிந்திருந்தால்? நேர்மையாகச் சொல்கிறேன். மெடுல்லோபிளாஸ்டோமாவில் அறிகுறி நீடித்த காலத்துக்கும் உயிர் பிழைப்பதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை. கேட்கும்போது வினோதமாக இருக்கும். காரணம் இதுதான்: மூர்க்கமாக வளரும் கட்டி சில வாரங்களிலேயே கூச்சல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மெதுவாக வளர்வது மாதக்கணக்கில் முனகிக்கொண்டிருக்கும். ஆகவே ஐந்து மாதம் தாங்கியது என்பதே அந்தக் கட்டியின் சுபாவத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது, அது கெட்ட செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிறுமூளையில் வரும் இன்னொரு கட்டி, பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா, ஆண்டுக்கணக்கில் வளர்ந்தும் முழுமையாக எடுத்துவிட்டால் 100-ல் 90-க்கும் மேற்பட்ட குழந்தைகள் நலமாக வாழ்கிறார்கள். அதற்கு எதிர்முனையில், மூளைத்தண்டில் பரவலாக வளரும் ஒரு வகைக் கட்டியை இரண்டே வாரத்தில் கண்டுபிடித்தாலும் எங்களால் அதிகம் செய்ய முடிவதில்லை.

அதற்காகத் தாமதத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல மாட்டேன். அது பார்வையிலும், தலைக்குள் தேங்கிய நீரிலும், அறுவை சிகிச்சையின் ஆபத்திலும் கணக்குத் தீர்க்கிறது. எனவே ஒரு வேலை: மகனின் பார்வை நரம்பைக் கண் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். வீக்கம் இறங்கியிருக்கிறதா என்று தெரிய வேண்டும். மறுபடி காலை வாந்தி வந்தாலோ, அதிகமாகத் தூங்கி வழிந்தாலோ, நீர் மீண்டும் தேங்குகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.

தவறு உங்களுடையதா? நீங்கள் ஐந்து மாதத்தில் நான்கு இடங்களுக்குக் கூட்டிப்போயிருக்கிறீர்கள். கதவைத் தட்டாதவர் என்று உங்களை யாரும் சொல்ல முடியாது.

வழக்குப் போடலாமா?

நான் வழக்கறிஞர் இல்லை. மருத்துவராக இரண்டு விஷயம் சொல்லலாம். நோயைத் தவறாகக் கணிப்பது வேறு, அலட்சியம் வேறு. சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்தச் சூழலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தாரா என்பதுதான் பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி. முதல் வாந்திக்கு வயிற்று மருந்து கொடுத்ததை யாரும் அலட்சியம் என்று சொல்ல மாட்டார்கள். தலைவலி, தலைச் சாய்வு, தொடரும் வாந்தி மூன்றும் சேர்ந்த பிறகும் நரம்புப் பரிசோதனை செய்யாமல் அனுப்பியதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நிலையில் எல்லா அறிகுறிகளையும் ஒரே மருத்துவர் பார்த்தாரா, நாலு பேர் தனித்தனியாகப் பார்த்தார்களா என்பதும் கேட்கப்படும்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: இப்போதைக்குத் தாள்களைச் சேர்த்தால் போதும். எல்லா மருந்துச்சீட்டு, ஸ்கேன் படங்கள், அறுவை சிகிச்சைக் குறிப்பு, பயாப்ஸி அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வாங்குங்கள். தேதி வாரியாக அறிகுறிகளை எழுதிவையுங்கள். புகார் கொடுக்கக் காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், ஒரு வழக்கறிஞரிடம் ஒரே ஒரு முறை அதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மீதியைக் கதிர்வீச்சு முடிந்த பிறகு யோசிக்கலாம். இந்த 26 நாட்களில் அவருடைய கோபத்தைவிட அவருடைய கால்கள் தேவை.

அதே தாள்கள் இன்னொன்றுக்கும் உதவும். பயாப்ஸியின் ஸ்லைடையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டையும் வேறொரு நோய்க்கூறு நிபுணரிடம் காட்டி இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். மெடுல்லோபிளாஸ்டோமாவில் நான்கு மூலக்கூறு வகைகள் உண்டு. டபிள்யூ.என்.டி. என்ற வகை மிக நன்றாகக் குணமாகும். வகை பார்க்கும் வசதி உங்கள் மருத்துவமனையில் இல்லையென்றால், வேறெங்காவது அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். ஆனால் அந்த முடிவுக்காகக் கதிர்வீச்சை நிறுத்திவைக்க வேண்டாம்.

பாப்பாவின் தலைவலியும் செல்போனும்

செல்போனால் வரவில்லை. 1925-லேயே இந்தக் கட்டிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள் என்று மேலே சொன்னேனே, அதுவே போதும்.

மெடுல்லோபிளாஸ்டோமா பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. ஒரு சிறு பங்கு குழந்தைகளுக்கு மட்டும் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம் இருக்கும். அந்த நான்கு மூலக்கூறு வகைகளில் எஸ்.எச்.எச். என்ற வகை என்று அறிக்கை சொன்னாலோ, குடும்பத்தில் இளவயதில் புற்றுநோய் வந்தவர்கள் இருந்தாலோ, மரபணு ஆலோசனை கேளுங்கள். இல்லையென்றால் மகளுக்கு அவசர ஸ்கேன் தேவையில்லை.

ஆனாலும் குழந்தை வலிக்கிறது என்று சொன்னால் பார்க்க வேண்டும். ஒரு மருத்துவர் அவளை நடக்க வைத்து, கண்ணைப் பார்த்து, தலைச் சுற்றளவும் உயரமும் அளந்து பார்க்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் வாந்தி, நாலு வாரத்துக்கு மேல் தொடரும் தலைவலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, புதிதாக வந்த மாறுகண், சாயும் தலை, தடுமாறும் நடை, திடீரென்று கோணலாகும் கையெழுத்து, காரணமில்லாமல் ஏகமாகத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் போவது: இவற்றில் எது இருந்தாலும் மூளை ஸ்கேன் பற்றிப் பேச வேண்டும். இரண்டு சேர்ந்து இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. ஒன்றும் இல்லையென்றால், அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கும் வீட்டில் நான்கு வயதுக் குழந்தைக்குத் தலை வலிப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். இரண்டு வாரமாக அவளை யார் மடியில் வைத்திருக்கிறார்கள்?

நாளைக் காலை முதல் வேலையாகக் கதிர்வீச்சுத் துறைக்குப் போய், திட்டமிடும் ஸ்கேனுக்கு ஒரு தேதி வாங்குங்கள். வாய்வார்த்தையாக இல்லாமல் சீட்டில் எழுதி வாங்குங்கள். வாங்கியதும் அந்தத் தேதியை எனக்கு எழுதுங்கள்.